செல்ஃப் எடுக்கலையா? மோட்டாரைக் கழற்றும் முன் இக்னிஷன் சுவிட்சைப் பாருங்கள்

கத்தரி வெயிலில் மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் இரண்டு மணி நேரம் நிறுத்திய கார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினால் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன. இன்னும் ஒரு திருகு திருகினால் சத்தமே இல்லை. நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல வண்டி எடுத்துவிடுகிறது. பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "செல்ஃப் மோட்டார் போயிருச்சுண்ணே, கழட்டி கார்பன் மாத்திரலாம்" என்பார்கள். மோட்டாருக்குள் உரசியபடி கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்தாலும் இப்படித்தான் ஆகும் என்பதால் அதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இக்னிஷன் சுவிட்ச் கருகினாலும் அச்சு அசலாக இதே குறிதான் காட்டும். மோட்டாரைக் கழற்ற அரை நாள் ஆகும். எது என்று பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சாவி நுழைகிற இடம் லாக் சிலிண்டர். அது வெறும் பூட்டு, அதில் மின்சாரம் கிடையாது. அதன் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, நாலைந்து தடித்த வயர்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் டப்பிதான் மின் சுவிட்ச். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு திருகுகளைக் கழற்றினால் இந்த டப்பி மட்டும் தனியே வந்துவிடும். இது தெரியாமல் கதவு, டிக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து முழு லாக் செட்டே வாங்கிப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டப்பியின் விலை அதில் ஒரு சிறு பங்குதான். புதுச் சாவி, அதை வண்டிக்குப் பழக்கும் வேலை எதுவும் வராது.

டப்பிக்குள் பேட்டரியிலிருந்து வரும் கம்பி ஒன்று உண்டு. சாவி எங்கே இருந்தாலும் அதில் கரண்ட் இருக்கும். வயரிங் படங்களில் அதை பி (B) என்றோ, ஜெர்மானிய எண் முறைப்படி 30 என்றோ போட்டிருப்பார்கள். அதிலிருந்து பிரிந்து போவது ரேடியோவுக்கான ஏசிசி, எஞ்சினுக்கும் மற்றவற்றுக்கும் போகும் ஐஜி1, ஐஜி2, பிறகு செல்ஃபுக்குப் போகும் எஸ்டி. ஜெர்மானிய முறையில் எஞ்சின் கம்பி 15, செல்ஃப் கம்பி 50. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி: ஸ்டார்ட்டுக்குத் திருகும்போது ஒரு ஐஜி கம்பி உயிரோடு இருக்கும், மற்றது அணைந்துவிடும். பேட்டரி முழுவதும் மோட்டாருக்குப் போகட்டும் என்று ப்ளோயர், வைப்பர் வகையறாவைச் சுவிட்சே வெட்டிவிடுகிறது. பல வண்டிகளில் உயிரோடு இருப்பது ஐஜி1. டொயோட்டாவில் பெரும்பாலும் தலைகீழ்: எஞ்சினைக் காப்பாற்றுவது ஐஜி2. அதனால் பெயரை நம்பாமல், ஸ்டார்ட் நிலையில் எது எரிகிறது என்று பார்த்து 'எஞ்சின் கம்பி' எது என்பதை முடிவு செய்யுங்கள்.

இனி சோதனை. பேட்டரியிலிருந்துதான் தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. ஒரு ராத்திரி ஓய்வெடுத்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

பிறகு ஹெட்லைட் சோதனை. கருவி எதுவும் வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, எதிரே சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி ஸ்டார்ட்டுக்குத் திருகுங்கள். வெளிச்சம் சுத்தமாகச் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். 'டிக்' என்று ஒரு சத்தம், வெளிச்சம் கொஞ்சம் மங்கல், ஆனால் சுற்றவில்லை என்றால் சொலினாய்டு (மோட்டாரோடு ஒட்டியிருக்கும் மின்காந்தச் சுவிட்ச்), மோட்டார், எர்த் கம்பி பக்கம் போகலாம். வெளிச்சம் அசையவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் மோட்டாருக்குக் கட்டளையே போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கார்பன் முற்றிலும் தேய்ந்த மோட்டாரும் எப்போதாவது இப்படி ஏமாற்றும். அதைப் பிரிக்க, சொலினாய்டில் பெரிய போல்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் ஒற்றைச் சிறு கம்பியில் மீட்டரை வையுங்கள். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பெல்ட்டை விட்டுக் கை தள்ளி. ஒருவர் திருகட்டும், ஒருவர் பார்க்கட்டும். பேட்டரி வோல்டேஜுக்கு அரை, முக்கால் வோல்ட் குறைவாக வந்தும் மோட்டார் ஊமையாக இருந்தால் மோட்டாரைத் தாராளமாகக் கழற்றுங்கள். பூஜ்யம் என்றால் மோட்டார் மேல் பழி இல்லை. ஆறு, ஏழு வோல்ட் என்று பாதி வந்தாலும் இந்தக் கட்டுரைக்கு வேலை. வழியில் எங்கோ ஒரு இணைப்பு கருகியிருக்கிறது.

வழியில் சுவிட்ச் மட்டும் இல்லை. சிறு கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் செல்ஃப் ரிலே இருக்கிறது. கிளட்சை மிதித்தால்தான் எடுக்கும் வண்டிகளில் பெடலுக்கு மேலே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்றால் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச். ரிலேயைச் சோதிக்க, பக்கத்தில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பாருங்கள்; செல்ஃப் எடுத்து ஹாரன் அடிக்கவில்லை என்றால் கதை முடிந்தது. ஆட்டோமேட்டிக்கில் கியர் பார்க்கில் (P) எடுக்காமல் நியூட்ரலில் (N) எடுத்தால் இக்னிஷன் சுவிட்சை விட்டுவிடலாம்.

இன்னொரு ஏமாற்றுக்காரன் இம்மொபிலைசர், சாவியில் உள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சினை ஓடவிடும் திருட்டுத் தடுப்பு. வண்டி எடுத்து இரண்டு நொடியில் அணைந்துவிடும்; பார்க்க ஐஜி கோளாறு போலவே இருக்கும். டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மினுக்கினால் முதலில் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். ஒரே வளையத்தில் இன்னொரு வண்டியின் சிப் சாவி தொங்கினாலே சில வண்டிகள் குழம்பிவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரேக் சுவிட்சையும் சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியையும் பாருங்கள்.

இனி சுவிட்சுக்கே உரிய குறிகள். திருகிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பிடிக்கிறது, கையை விட்டுச் சாவி ஆன் நிலைக்குத் திரும்பியதும் பொட்டென்று அணைகிறது. ஆன் நிலையில் எஞ்சின் கம்பியைத் தொடும் இடம் தேய்ந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, எவ்வளவு நேரம் சுற்றினாலும் பிடிக்காமல், கையை விடும் அந்தக் கணத்தில் ஒரு உறுமல் வந்தால் ஸ்டார்ட் நிலையில் எஞ்சின் கம்பி விட்டுப்போகிறது. டீசல் போடலை, பிளக் போச்சு, பம்ப் போச்சு என்று அலைவது பெரும்பாலும் இதில்தான். எஞ்சின் ஓடுகிறது, ஏசி ப்ளோயரும் வைப்பரும் பவர் விண்டோவும் ஒன்றாகப் படுத்துவிட்டன என்றால் மற்ற ஐஜி கம்பி. அதற்கு முன் அந்தந்த ஃபியூஸைப் பார்த்துவிட வேண்டும்; கண்ணால் மட்டும் பார்க்காமல், சாவியை ஆன் செய்து ஃபியூஸின் இரண்டு காதிலும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். இரண்டு காதிலும் விளக்கு எரியவில்லை என்றால் ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை. திரும்பச் சுவிட்சுக்குத்தான் வர வேண்டும்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது எல்லா மீட்டரும் ஒரு முறை விழுந்து எழுந்தால், எஞ்சின் ஓடும்போது சாவிக்கொத்தை லேசாக ஆட்டினால் எஞ்சின் தட்டுத் தடுமாறினால், அநேகமாகத் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆட்டிப் பார்ப்பதை வண்டி நிற்கும்போது செய்யுங்கள். ஓடும்போது கை தவறி அணைந்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் பூஸ்டரும் இரண்டு மிதிக்கு மேல் தாங்காது.

சாவியிலிருந்து கையை எடுத்த பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் இருப்பதிலேயே மோசம். யோசிக்காமல் பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். பிறகு செல்ஃப் ரிலேயை உருவி வைத்துவிட்டு, பேட்டரியை மட்டும் மறுபடி மாட்டுங்கள். இப்போதும் சுற்றினால் சொலினாய்டுக்குள் தகடு ஒட்டிக்கொண்டது. சுற்றாவிட்டால் ரிலே அல்லது இக்னிஷன் சுவிட்ச். ஸ்டார்ட்டிலிருந்து சாவியைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் சோர்ந்து போனால் இந்த நிலை வரும்.

சுவிட்சைத் தொட நேர்ந்தால், முதலில் பேட்டரி நெகடிவைக் கழற்றி மூன்று நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் இதில் அவசரப்படக் கூடாது. ஸ்டியரிங்கைக் கீழே இறக்கி, அதன் தண்டைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அடியில் மூன்று ஸ்டார் திருகு, பிறகு கிளிப். உள்ளே மஞ்சள் நிற கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) கண்ணில் பட்டால் அது ஏர்பேக். அதில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது. சுவிட்சின் கப்ளரை உருவி, பின்களைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகிய மீன் வாடை போல அடித்தால் மீட்டர் எடுக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

வாடை இல்லை என்றால் கப்ளரைத் திரும்ப மாட்டி, பேட்டரியை இணைத்து, கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். மல்டிமீட்டரை ஐஜி கம்பியில் வைக்கிறார்கள், 12.5 காட்டுகிறது, "சுவிட்ச் ஓகே" என்று மூடிவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் இல்லை என்றே சொல்லலாம். அதன் உள்தடை பத்து மெகா ஓம். வழியில் ஆயிரம் ஓம் கருக்கல் இருந்தாலும் அது சளைக்காமல் முழு வோல்டேஜைக் காட்டும். குழாயில் அழுத்தம் இருக்கிறதா என்று விரலால் பொத்திப் பார்ப்பது போலத்தான் அது. குடம் நிறையுமா என்று குடத்தை வைத்தால்தானே தெரியும்.

அந்தக் குடம் ஒரு பழைய எச்4 ஹெட்லைட் பல்பு. ஒரு இழை போன பல்பாகவே இருக்கட்டும், மற்ற இழை எரிந்தால் போதும். இரண்டு வயரை ஈயம் வைத்து ஒட்டி, ஒரு முனையை எர்த்தில் கவ்விவிட்டு, மறுமுனையை ஒவ்வொரு கம்பியிலும் வையுங்கள். 55 வாட் என்றால் கிட்டத்தட்ட நாலரை ஆம்பியர். பி கம்பியில் எப்படி எரிகிறதோ, ஆன் நிலையில் ஐஜி கம்பிகளிலும் அதே பளிச்சென்று எரிய வேண்டும். மஞ்சளடித்தால் கோளாறு. பல்பு சுடும், சீட்டில் வைத்துவிடாதீர்கள். இந்தப் பல்பைச் சுவிட்சுக்கு வரும் தடித்த கம்பிகளில் மட்டும் பயன்படுத்துங்கள். ஈசியு (எஞ்சினை நடத்தும் கணினி), சென்சார் கம்பிகளில் வைத்தால் சுவிட்சை விடப் பெரிய செலவு வரும்.

பல்பு கண்ணுக்குச் சொல்வதை எண்ணில் பார்க்க வோல்டேஜ் டிராப், அதாவது சுவிட்சுக்குள்ளேயே எத்தனை வோல்ட் விழுகிறது என்ற அளவு. மீட்டரின் சிவப்பு முனை பி கம்பியில், கறுப்பு முனை ஐஜி கம்பியில். ஒன்றும் எர்த்துக்குப் போகவில்லை, சுவிட்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். சாவி ஆன், ப்ளோயர் முழு வேகம், வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர், சுவிட்ச் வழியாகப் போகும் எல்லாவற்றையும் போடுங்கள். 0.1 வோல்ட் காட்டினால் நல்ல சுவிட்ச். 0.2 வரை விட்டுவிடலாம். 0.3-ஐத் தாண்டினால் மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது. 0.5 என்றால் இன்றைக்கே. சும்மா அரை வோல்ட்தானே என்று தோன்றும். பத்து ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் விழுந்தால், சுவிட்சுக்குள் ஐந்து வாட் சூடு. ஒரு பார்க்கிங் பல்பை மூடிய பிளாஸ்டிக் டப்பிக்குள் மணிக்கணக்கில் எரியவிடுவது போல. சூட்டில் உள்ளே தகட்டை அழுத்தும் ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் தடை கூடும். கூடினால் இன்னும் சூடு. மே மாதம் மதுரையில் நாற்பது டிகிரியில், ப்ளோயர் முழு வேகத்தில் ஓடும்போது இந்த வட்டம் வேகமாகச் சுழலும். காலையில் ஒழுங்காக எடுத்த வண்டி மதியம் முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்டி கம்பியையும் இதே மாதிரி, ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது பி-க்கும் எஸ்டி-க்கும் இடையே அளக்கலாம். ரிலே உள்ள வண்டியில் இந்தக் கம்பி ரிலே காயிலுக்கு வேண்டிய 0.15 ஆம்பியர் அளவைத்தான் தருகிறது. அதனால் கருகுவது அபூர்வம். ரிலே இல்லாத பழைய வண்டிகளில் சொலினாய்டு இழுக்கும் கணத்தில் இருபது முப்பது ஆம்பியர் சுவிட்ச் வழியாகவே பாயும். அப்படிப்பட்ட வண்டிக்குச் சுவிட்ச் மாற்றும்போது ஒரு 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலேயையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். சுவிட்சிலிருந்து வரும் கம்பி 86-இல், 85 எர்த், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30, சொலினாய்டுக்கு 87.

ஓம் மீட்டர் வைத்துச் சுவிட்சைக் கழற்றிச் சோதிப்பது பற்றியும் கேட்பார்கள். ஏசிசி-யில் பி-யும் ஏசிசி-யும், ஆனில் பி, ஏசிசி, இரண்டு ஐஜி-யும், ஸ்டார்ட்டில் பி, எஸ்டி, எஞ்சின் கம்பி என்று பீப் அடிக்கிறதா பார்க்கலாம். முற்றிலும் அறுந்ததைத்தான் அது கண்டுபிடிக்கும். மேலே சொன்ன அரை வோல்ட் கோளாறு 0.05 ஓம்தான், சாதாரண மீட்டரின் வயருக்கே அதைவிட அதிகத் தடை உண்டு.

பின்னால் உள்ள டப்பியைக் கழற்றிவிட்டு, அதன் நடுவில் இருக்கும் பள்ளத்தில் தட்டை ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருகிப் பாருங்கள். டிரைவரில் திருகினால் எல்லா நிலையும் ஒழுங்காக வேலை செய்து, சாவியில் திருகினால் மட்டும் வராவிட்டால், தேய்ந்தது சிலிண்டரும், டப்பியின் பள்ளத்தில் நுழையும் அதன் வால் பகுதியும். டப்பி மாற்றிப் பயனில்லை.

சுவிட்சை யார் கருக்கியது என்று பார்க்காமல் புதிதை மாட்டினால் ஆறு மாதத்தில் திரும்ப இதே வேலை. கவருக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பாதி வண்டிகளில் இருக்கும். ஃபாக் லைட், ஆம்பிளிஃபையர், அலாரம், டேஷ்கேம், வாடகை வண்டி என்றால் ஜிபிஎஸ் கருவி, எல்லாம் ஐஜி கம்பியின் தோலை உரித்து முறுக்கியதாக இருக்கும். 55 வாட் ஃபாக் லைட் இரண்டு என்றால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் கூடுதல் சுமை. அதற்கெல்லாம் ரிலேயும் ஃபியூஸும் வைத்துப் பேட்டரியிலிருந்து நேரே எடுத்து, ஐஜி கம்பியை ரிலே காயிலுக்கு மட்டும் கொடுங்கள். அலாரம் மாட்டியவர்கள் செல்ஃப் கம்பியை வெட்டி நடுவில் ஒரு மலிவு ரிலே சொருகியிருப்பார்கள். வெயிலில் டேப் பசை உருகி, இணைப்பு தளர்ந்து, சுவிட்சின் குற்றமாகப் பதிவாகும்.

அடுத்தது சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய். இரண்டு நாள் வழவழப்பாக இருக்கும். பிறகு தூசியோடு சேர்ந்து களியாகி, கீழே சுவிட்சுக்குள் வழிந்து, பொறி பட்டுக் கரியாகும். கிராஃபைட் தூள் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் ஸ்டியரிங் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்; சாவித் துவாரத்தைச் சுற்றி வைத்த குங்குமம் அடுத்த பூஜை வரைக்கும் உள்ளேயே இருக்கும்.

பிறகு சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, கடை ஷட்டர் சாவி, பித்தளை வேல், அழகர் படம் போட்ட வளையம் என்று கால் கிலோ தொங்குவது சாதாரணம். அந்த எடை ஒவ்வொரு குழியிலும் சிலிண்டரையும் சுவிட்சையும் இழுத்து ஆட்டுகிறது. 2014-இல் அமெரிக்க நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் செவ்ரலே கோபால்ட் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சின்னச் சுவிட்சால்தான். சாவியை ஆன் நிலையில் பிடித்துவைக்கும் ஸ்பிரிங்குக்குப் போதிய அழுத்தம் இல்லை. கொத்தின் எடையிலோ முழங்கால் பட்டோ சாவி ஏசிசி-க்கு நழுவியது. ஓடும் வண்டியில் எஞ்சின் அணைந்து, மோதும்போது ஏர்பேக்கும் விரியவில்லை. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டது. வண்டிச் சாவியைத் தனி வளையத்தில் போடுங்கள்.

புதுச் சுவிட்ச் மாட்டும்போது, பழையது எந்த நிலையில் கழன்றதோ அதே நிலையில் பள்ளத்தைத் திருப்பிவைத்துச் செருக வேண்டும். வலுக்கட்டாயமாக அழுத்தினால் வால் உடையும். கப்ளரில் கருகிய பின் இருந்தால் அதைச் சுரண்டிவிட்டு மாட்டாதீர்கள். சூடுபட்ட பின் ஸ்பிரிங் தன்மையை இழந்திருக்கும், புதுச் சுவிட்சின் பின்னையும் சீக்கிரமே எரித்துவிடும். வயரோடு புதுக் கப்ளர் வாங்கி, தடித்த கம்பிகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயரில் கிரிம்ப் செய்து, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். கவரை மாட்டும் முன் நான்கு நிலையும் பார்த்துவிடுங்கள்: லாக்கில் சாவி வெளியே வருகிறதா, ஸ்டியரிங் பூட்டுகிறதா, ஏசிசி-யில் ரேடியோ மட்டும் வருகிறதா, ஸ்டார்ட்டிலிருந்து சாவி தானாக ஆனுக்குத் திரும்புகிறதா. அதே வோல்டேஜ் டிராப்பைப் புதுச் சுவிட்சிலும் அளந்து, எண்ணையும் தேதியையும் ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவையுங்கள். அடுத்த கோடையில் அளக்கும்போது ஒப்பிட ஒரு எண் கையில் இருக்கும்.